வாயுவுக்கு மணம் கேட்ட சனங்கள்

என் அன்பு மகளுக்கு,

நேற்று நீ மெல்பேர்ணிலிருந்து கூப்பிட்டுச் சொன்ன செய்தியில், ரெலிபோனை என் கையில் தரவே அம்மா மறந்துவிடப் பார்த்தார். "லோங் வோட்டர் சனம் எங்கட பிள்ளையைத் தங்கட எஞ்சினியரா வரச்சொல்லிக் கேட்டிருக்கினமாம்" என்று குசினிக்கும் முன்னறைக்குமாக நடந்து நடந்து, எனக்கே நாலைந்து தரம் சொல்லிவிட்டார். பிறகு பக்கத்து வீட்டு இத்தாலியப் பெண்மணியிடமும் வேலிக்கு மேலால் சொன்னார். அவருக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். ஆனாலும் கைதட்டினார். நீ என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அப்பா, முதல் தரம் அங்கே உண்மையில் என்ன நடந்தது?" அது ட்ரங்க் கோலில் சொல்லி முடிகிற கதை இல்லை. அந்த நாட்களில் நீ பல்கலைக்கழக விடுதியில் பரீட்சையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். அதனால்தான் இன்று மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ அங்கே போகும் முன், முழுவதையும் என் வாயாலேயே கேட்க வேண்டும்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து சிட்னிப் பக்கம் மெரிலேண்ட்ஸில் வீடு எடுத்த புதிதில், எனக்குக் கிட்டவே பரமட்டாவில் ஒரு குழாய்க் கம்பெனியில் வேலை கிடைத்தது உனக்கு ஞாபகமிருக்கும். இலங்கையில் நீர்ப்பாசனத்தில் வாய்க்காலும் மதகும் பார்த்தவனுக்கு இங்கே வாயுக் குழாய். உள்நாட்டுப் பாலைநிலத்தில் கிடைக்கும் இயற்கை வாயுவைச் சிட்னிக்குக் கொண்டுவருகிற பெரிய வேலை. எண்ணெய் விலை ஏறி உலகமே கலங்கியிருந்த காலம். சிட்னித் தொழிற்சாலைகள் எல்லாம் அந்த வாயுவுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. நாங்கள் வேலை செய்யும் கம்பெனிக் கந்தோரில் சுவர் முழுக்க ஒரு வரைபடம் தொங்கியது. அதில் மேற்கிலிருந்து கிழக்கே இழுத்த சிவப்புக் கோடு, நடுவழியில் லோங் வோட்டர் என்ற இடத்தைக் குறுக்காக வெட்டிப் போனது. அது பூர்வகுடி மக்களின் நிலம். பல தலைமுறையாக அரசு அதிகாரிகள் சொன்னபடி அங்கே அடங்கிக் கிடந்தவர்களின் கையில், அந்த நிலம் அப்போதுதான் சட்டப்படி வந்திருந்தது. தங்கள் நிலத்தைப் பற்றி யாராவது தங்களிடம் வந்து அனுமதி கேட்பது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை.

அனுமதி கேட்கப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் திட்ட மேலாளர் கிரேம். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். மற்றவன் நான், பாதுகாப்புக்குப் பொறுப்பான எஞ்சினியர். தகரக் கூரை போட்ட தேவாலய மண்டபத்தில் கூட்டம். ஊர் முழுக்க வந்திருந்தது. முன்வரிசையில், சேலைத் துணிபோல் பூப்போட்ட சட்டையும் கால்களில் ஆண்கள் போடும் பூட்ஸுமாக ஒரு பெண்மணி இருந்தார். அவரை எல்லோரும் அன்ரி ரூபி என்றார்கள். அவர்களும் எங்களைப் போலவே மூத்தவர்களை அன்ரி, அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது. ஊர் நிர்வாகச் சபைக்கு அவர்தான் தலைவி. அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அவருடைய பேச்சு என் காதில் எங்கட ஊர்ப் பேச்சாகவே இறங்கியது. அப்படியே எழுதுகிறேன்.

கிரேம் எழுந்து நன்மைகளைச் சொன்னார். நிலத்துக்கு ஒவ்வொரு வருடமும் வாடகை வரும், குழாய் புதைக்கக் கிடங்கு வெட்டும் வேலை வரும், கடைக்கு வியாபாரம் வரும் என்றார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. அன்ரி ரூபி கைகளைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். "கிடங்கு வெட்டுற வேலை எத்தினை நாளைக்கு?" என்று கேட்டார். குழாய் தாண்டிப் போகும் வரைக்கும் என்றார் கிரேம். "அப்ப குழாய் போனாப் பிறகு எங்கட பெடியளுக்கு என்ன வேலை? கிடங்கை மூடிப்போட்டு மண்ணைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?" மண்டபம் சிரித்தது. கிரேமும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அன்ரி ரூபி என் பக்கம் திரும்பினார். "நீர்தானே பாதுகாப்புக்காரர்? சிட்னியில அடுப்பில காஸ் ஒழுகினா மணக்குமாம். இங்க குழாய் ஒழுகினா எங்களுக்கும் மணக்குமோ?"

மகள், அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. இயற்கை வாயுவுக்கு மணமே கிடையாது. ஆட்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக அழுகின முட்டை நாற்றமடிக்கும் மருந்து ஒன்றைக் கலப்பார்கள். எங்கள் திட்டத்தில் அந்த மருந்தைக் கலக்கும் இடம் சிட்னியின் வாசலில் இருந்தது. வழியெல்லாம் வாயு மணமில்லாமல்தான் வரும். கிரேம் மேசைக்குக் கீழே தன் முழங்காலால் என் முழங்காலை மெல்ல இடித்தார். நான் எழுந்து நின்று, "இல்லை, உங்களுக்கு மணக்காது" என்றேன்.

"சிட்னிச் சனத்துக்கு மணக்கும், எங்களுக்கு மணக்காது. அப்படித்தானே?"

"இப்போதைய திட்டத்தின்படி அப்படித்தான்."

பின்வரிசையிலிருந்து, அன்ரி ரூபியின் அக்கா மகன் டெனிஸ் எழுந்தான். ஆட்டு மயிர் வெட்டிப் பிழைத்தவன், குடும்பஸ்தன், ஆள் வந்து நின்றால் வாசலே நிறையும். ஒழுகினால் குழாயை மூடும் வால்வு எங்கே இருக்கும் என்று கேட்டான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் என்றேன். "ஆறு பெருகினா அந்த றோட்டு தண்ணிக்குக் கீழ போயிடும், ஐயா. உங்கட ஆள் நீந்தியோ வருவார்?" அதற்கும் நான் உண்மையைத்தான் சொன்னேன். தண்ணீர் வடியும் வரை யாராலும் வர முடியாது என்றேன். ஊர் அன்றே முடிவு சொல்லிவிட்டது. வேண்டாம். கோபமில்லாமல், தேத்தண்ணியும் கேக்கும் தந்து, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வரும்போது கிரேம் காரில் வெடித்துத் தள்ளினார். "உம்மை விளங்கப்படுத்தத்தான் கூட்டிக்கொண்டு போனேன், எங்களையே கவிழ்க்க அல்ல" என்றார். எனக்குப் பயம் இருந்தது, மறைக்க மாட்டேன். அந்தக் காலத்தில் பரமட்டாவில் எங்கள் நிறத்தில் ஒரு எஞ்சினியரைப் பார்ப்பதே அபூர்வம். இந்த வேலை போனால் அடுத்தது எப்போது கிடைக்குமோ தெரியாது. ஆனால் அந்த மனுஷி கேட்டது முழுக்க முழுக்கச் சரியான எஞ்சினியரிங் கேள்வி. அதை என் கந்தோரில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை, நான் உட்பட. அந்த எண்ணம் பயத்தை விடப் பெரிதாக இருந்தது.

கம்பெனி மேலிடம் உடனே வேறு வழி போட்டது. லோங் வோட்டரைச் சுற்றிக்கொண்டு போவோம், அவர்களும் வேண்டாம், வாடகையும் வேண்டாம் என்று. சுற்றுப் பாதையை வரைந்து கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது. வரைந்தேன். வடக்கே போனால் மணல்மேடு, தெற்கே போனால் சதுப்பு. இரண்டு பக்கமும் குழாய் நீளும், ஆற்றைக் கூடுதலாகக் கடக்க வேண்டும், வேலை அடுத்த கோடைக்குப் போய்விடும். அதே மேசையில் இன்னொரு கணக்கும் போட்டேன்: லோங் வோட்டர் மக்கள் கேட்டது எல்லாவற்றையும் கொடுத்தால் என்ன ஆகும் என்று. மணம் சேர்க்கும் நிலையத்தை அவர்கள் நிலத்துக்கு முன்னாலேயே வைப்பது, வீடுகளுக்குப் பக்கத்தில் தடித்த குழாய் போடுவது, நிலத்தின் இரண்டு எல்லையிலும் வால்வு, அவற்றைப் பார்க்க அந்த ஊரிலேயே நிரந்தர ஆட்கள். இந்தச் செலவு எல்லாம் சேர்த்தும் சுற்றுப் பாதைச் செலவின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. எனக்கே நம்ப முடியவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே விடைதான்.

அம்மாவிடம் சொன்னேன். "நாளைக்கு மேலிடத்திட்ட இதைக் கொண்டுபோகப் போறன். வேலை போனாலும் போகலாம்" என்றேன். அவர் பருப்புக்குத் தாளித்துக்கொண்டே, "அந்த மனுசி கேட்டது எனக்கே விளங்குது. உங்கட பெரியாக்களுக்கு விளங்காதோ? போயிட்டு வாங்கோ" என்றார். அவ்வளவுதான். உன் அம்மா எனக்குத் தைரியம் தருகிற விதம் அதுதான். உட்காரவைத்துப் பேசமாட்டார். சோற்றைப் போட்டு அனுப்பிவிடுவார்.

பரமட்டாக் கந்தோரில் இயக்குநரின் முன்னால் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். கிரேம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் மக்களின் உரிமை என்று தொடங்கவில்லை. கம்பெனிக்கு எது இலாபம் என்று தொடங்கினேன். "இந்த நிலத்தில் குடியிருப்பவர்கள் குழாயைக் காவல் காத்தால், எங்களை விட நூறு மடங்கு நன்றாகக் காப்பார்கள். ஏனென்றால் அவர்களின் பிள்ளைகள் அதற்குப் பக்கத்தில் படுக்கிறார்கள்" என்றேன். இயக்குநர் இரண்டு செலவுக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு கிரேமிடம், "உமது அபிப்பிராயம்?" என்று கேட்டார். அந்த இடத்தில் கிரேம் நினைத்திருந்தால் என்னை முடித்திருக்கலாம். ஆனால் அவர், "அந்த மண்டபத்தில் நானும்தான் இருந்தேன். அவர்களின் கேள்விகளுக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இவரிடம் இப்போது இருக்கிறது" என்றார். அன்றிலிருந்துதான் நாங்கள் சிநேகிதர்கள். உன் பட்டமளிப்புக்கு அத்தனை பெரிய பூங்கொத்தோடு வந்து நின்றாரே, அதே கிரேம்தான்.

இயக்குநர் சம்மதித்து நாங்கள் இரண்டாம் தரம் போனபோது அன்ரி ரூபி எங்களை மண்டபத்துக்குள் விடவில்லை. "பேசினது போதும், நடப்பம்" என்றார். சிவப்புக் கோடு போகும் வழியெல்லாம் எங்களை நடத்திக்கொண்டு போனார். ஒரு மேட்டுக்குக் கிட்ட வந்ததும் நின்றார். அதற்கு மேல் யாரும் போகக் கூடாது, அங்கே அவர்களுடைய முன்னோர் கிடக்கிறார்கள் என்றார். எங்கள் வரைபடத்தில் அந்த மேடு வெறும் வெள்ளைத் தாள். கிரேம் என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, கோட்டைத் தானே வளைத்தார். "இன்னும்" என்றார் அன்ரி ரூபி. இன்னும் வளைத்தார். "இன்னும் கொஞ்சம்." அவர் சரி என்று தலையாட்டும் வரை வளைத்துக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு பேரம். மகள், பேரம் என்றால் அதுதான் பேரம்! கம்பெனி வைத்த வக்கீலுக்கு வேர்த்தது. ஊரவர், வாடகை நிரந்தரமாக ஒரே அளவில் நிற்கக் கூடாது, சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பப் பேச வேண்டும் என்றார்கள். வேலைக்குப் போட்ட றோட்டையும், குழாயைச் சோதிக்கத் தண்ணீர் எடுக்க அடிக்கும் குழாய்க்கிணற்றையும் பிறகு ஊருக்கே விட்டுவிட வேண்டும் என்றார்கள். தங்கள் ஆட்களுக்கு வெல்டிங் என்கிற ஒட்டுவேலையும் வால்வு வேலையும் கற்றுத்தந்து, சிட்னிக்காரருக்குத் தருகிற அதே சம்பளம் தர வேண்டும் என்றார்கள். கடைசியாக ஒன்று: கிண்டும்போது எலும்போ பழைய பொருளோ கண்டால், வேலையை நிறுத்தும் அதிகாரம் ஊரவரிடம் இருக்க வேண்டும், கம்பெனியிடம் இல்லை. வக்கீல் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்றார். அன்ரி ரூபி தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். எழுந்ததுதான் தாமதம், வக்கீல் ஒப்புக்கொண்டார். மண்டபத்தில் சம்மதம் கேட்டபோது கைகள் உயர்ந்தன. வேண்டாம் என்று உயர்ந்த கைகளும் சில இருந்தன. அன்ரி ரூபி அவர்களையும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நீங்கள்தான் வேலை நடக்கேக்க கண்ணில எண்ணெய் விட்டுப் பாக்க வேணும்" என்று, மேற்பார்வைக்கு அவர்களையே போட்டார். தலைமைத்துவம் என்றால் என்ன என்று நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

குழாய் வந்தது. கூலிக்காரர் முகாமுக்குச் சமையலும் கடையும் ஊர்ப் பெண்களே எடுத்து நடத்தினார்கள். ஆட்டு மயிர் வெட்டிய டெனிஸ் முகமூடி போட்டு ஒட்டுவேலை பழகினான். எக்ஸ்ரே பிடித்துப் பார்த்தபோது அவன் ஒட்டிய மூட்டுகளில் ஒரு பிழையும் இல்லை. பயிற்றுவிக்க வந்த ஸ்கொட்லாந்துக்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டி எல்லோரையும் கூப்பிட்டார். சோதனை நாளில் குழாய்க்குள் தண்ணீரை நிரப்பி, வாயு தரப்போவதை விடக் கூடிய அழுத்தம் கொடுத்தோம். ஊர் முழுக்க வேலியோரம் வந்து நின்றது. அழுத்தமானியின் முள் ஏறி நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு துளி சிந்தவில்லை. டெனிஸ் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தான். நானும் எறிந்தேன். நான் எறிந்தது கம்பெனியின் பாதுகாப்புத் தொப்பி. அது கிரேமின் காரில் விழுந்து பள்ளம் விழுத்தியது. அவர் அதை இன்றுவரை திருத்தவில்லை.

அடுத்த வருடத்து மழையை நீயும் பேப்பரில் படித்திருப்பாய். மேற்கே ஆறுகள் எல்லாம் கரை உடைத்தன. லோங் வோட்டர் தீவாகிவிட்டது. ஒரு காலையில் கந்தோர் ரேடியோவில் டெனிஸின் குரல் வந்தது. வெள்ளத்தில் அடித்துவந்த பெரிய மரமொன்று, ஆற்றங்கரையில் தரைக்கு மேலே நிற்கும் குழாய்ப் பகுதியில் மோதியிருக்கிறது. "மணக்குது" என்றான். நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். "நான் அன்ரியிட்டச் சொல்லி வீடுகளில இருந்து எல்லாரையும் மேட்டுப் பக்கம் அனுப்பிப்போட்டன். அடுப்பு ஒண்டும் மூட்டக்கூடாதெண்டும் சொல்லியாச்சு. மேற்கு வால்வை மூடிட்டன். இப்ப கிழக்கு வால்வுக்குப் போறன்" என்றான். கிரேம் என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்ப ரேடியோ கரகரத்தது. "மூடியாச்சு. சத்தம் குறையுது... நிண்டிட்டுது. இங்க எல்லாரும் சுகம்."

பரமட்டாக் கந்தோரில் கோட்டும் டையும் கட்டிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்ததை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. சிட்னியில் ஒரு அடுப்பும் அணையவில்லை. வழியில் குழாய்க்குள் நிரம்பிக் கிடந்த வாயுவே நகரத்துக்குப் போதுமாக இருந்தது. றோட்டுத் திறந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் டெனிஸின் ஆட்கள் சேதமான துண்டை வெட்டி எடுத்து, புதிய துண்டை ஒட்டிவிட்டு, எங்களுக்காகத் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் திட்டப்படி மணமும் இல்லாமல், வால்வும் ஆற்றுக்கு அப்பால் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இயக்குநர் அந்தக் கரையில் நின்று வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு, அன்ரி ரூபிக்கு முன்னால் தன் தொப்பியைக் கழற்றினார். அந்த மாதமே அந்தப் பகுதிக் குழாயின் பராமரிப்பு முழுவதும் ஊரவர் தொடங்கிய கம்பெனியின் கைக்கு வந்தது. இப்போது அவர்கள் ஆற்றின் மேலும் கீழும் மற்றவர்களின் பகுதியையும் பார்க்கிறார்கள். டெனிஸிடம் வேலை கேட்டு, நகரத்துக்குப் போன பெடியங்கள் குடும்பத்தோடு திரும்பி வருகிறார்கள். ஊருக்கென்று வைத்தியரும் பேக்கரியும் இருக்கின்றன. மண்டபத்துக்குப் புதுக் கூரை போட்டிருக்கிறார்கள். ஆனால் அதுவும் தகரம்தான். தகரத்தில் மழை விழுகிற சத்தம் இல்லாமல் தனக்குக் கூட்டம் நடத்த வராது என்று அன்ரி ரூபி சொல்லிவிட்டாராம்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. இரண்டாவது குழாய் ஒன்று முதலாவதுக்குப் பக்கத்தால் போட வேண்டும் என்று கம்பெனி கேட்கிறது. அதற்குத்தான் ஊரவர் உன்னைத் தங்கள் பக்கத்து எஞ்சினியராகக் கேட்டிருக்கிறார்கள். நன்மை என்று யார் எதைச் சொன்னாலும், அது எவ்வளவு காலத்துக்கு, யார் கையில் என்று கேள். பாதுகாப்பு என்று யார் எதைச் சொன்னாலும், ஆபத்து வரும் நேரத்தில் அந்த இடத்தில் நிற்கப்போவது யார் என்று கேள். பதில் இனிமையாக வந்தால் இரண்டாம் தரம் கேள். அந்த ஊரவர் வாய் திறக்கும் முன் நீ பேசாதே. அவர்கள் எழுந்தால் நீயும் எழும்பு.

ஒரு விஷயத்தை நேற்று உன்னிடம் சொல்லவில்லை. அந்தப் பேச்சுவார்த்தைக்குக் கம்பெனியின் தரப்பில் வரப்போவது நான்தான். ஓம், கிரேம் ஓய்வு பெற்றுவிட்டார், அந்த இடத்தில் இப்போது நான். உன்னைக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், இன்று காலையே இயக்குநரிடம் போய், நான் விலகுகிறேன் என்றேன். ஊரவருக்கு ஆட்சேபம் இல்லையென்றால் தனக்கும் இல்லை என்றார். அன்ரி ரூபிக்கு ரெலிபோன் எடுத்தேன். இந்தப் பிள்ளை யாருடைய பிள்ளை என்று தெரிந்துதான் கேட்டீர்களா என்றேன். மனுஷி விழுந்து விழுந்து சிரித்தார். "தெரிஞ்சுதான் கேட்டனாங்கள். உம்மை எந்த இடத்தில மடக்கலாமெண்டு உம்மட பிள்ளையை விட வேற ஆருக்குத் தெரியும்?" என்றார்.

ஆகவே, மகள், என்னை மடக்கு. நான் தடுமாறினால் கேள்வியை மாற்றாதே. நான் கோபப்பட்டால் பொருட்படுத்தாதே. மேசையில் என்னை அப்பா என்று கூப்பிடவும் வேண்டாம். நான் இவ்வளவு பெருமையோடு ஒரு பேரத்துக்குப் போனதே இல்லை. அம்மாவும் வருகிறார். லோங் வோட்டர்ப் பெண்கள் அவரைச் சமையலுக்கு அழைத்திருக்கிறார்களாம். கூட்டத்தில் எந்தப் பக்கத்தில் இருப்பீர் என்று இப்போதுதான் கேட்டேன். "இதென்ன கேள்வி? பிள்ளையின்ர பக்கம்தான். உங்களுக்குச் சோறு வேணுமெண்டா பேச்சு முடிஞ்சாப் பிறகு அங்கால வாங்கோ" என்கிறார்.

அங்கே சந்திப்போம்.

எதிர்ப்பக்கத்துக் கதிரையிலிருந்து,
உன் அப்பா